கூடின மீட்டர்கள்

கல்லாற்றுப் பாலம் முடிகிற இடத்தில்
சில்லைப் பூச்சியத்துக்குத் திருப்பினோம்.
கைபிடி எனக்கு.
சிவப்புக் கொடியும் கொப்பியும் முஸம்மிலுக்கு.
"வெள்ளைக் கோட்டை விடாமப் போங்க,
படத்தில இருக்கிறதுக்குக் கூடினா
எனக்குத்தான் கொழும்பில இருந்து கேள்வி வரும்"
என்று குணசிங்கம் சேர்
பிக்கப்பின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு மீட்டருக்கு ஒரு டிக்.

பெரியநீலாவணையில் ஒரு செம்மறி நிற நாய்
எங்களோடு சேர்ந்து நடந்தது.
மருதமுனைப் பலகைக்குச் சற்று முன்
நின்றுகொண்டது.
"அதுக்கு வெளங்குது" என்று முஸம்மில் சிரித்தான்.
சில்லுக்கு விளங்கவில்லை.
டிக் என்றது, போனது.

பாண்டிருப்பில் சாவீடு.
பந்தலின் ஒரு கால் வீதிக்குள் நின்றது,
சுற்றிப் போனோம்.
கொப்பியின் ஓரத்தில் எழுதினான்: பந்தல், நாலு மீட்டர்.
செத்தவரின் பெயரைக் கேட்டு அதையும் எழுதினான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

கல்முனையில் கோடே தெரியவில்லை.
பிளாஸ்டிக் கதிரை, வாளி, அன்னாசி வண்டில்,
அக்கரைப்பற்றுக்கு ஆள் கூவி
ஒன்றையொன்று உரசி நிற்கும் இரண்டு பஸ்.
சில்லைத் தோளில் தூக்கினேன்.
அந்தத் துண்டைக் காலடியால் அளந்தோம்.
என் கணக்கும் அவன் கணக்கும் ஒத்துவரவில்லை;
நடுவில் ஒன்றை எழுதினோம்.

சாய்ந்தமருதில் லுஹருக்குப் பாங்கு.
அவன் தொழுதுவிட்டு வரும்வரை
நிழலில் நின்ற என்னிடம்
புத்தகப்பையோடு ஒரு பிள்ளை கேட்டாள்:
"மாமா, மத்தச் சில்லு எங்க?"

காரைதீவுச் சந்தியில் பாதி வாகனம்
மேற்கே அம்பாறைக்குத் திரும்பிவிடும்.
நாங்கள் நேரே.
நேரே போனால் ஒரு கிலோமீட்டர்க் கல் இருக்க வேண்டும்,
இல்லை.
விசாரித்து விசாரித்துக் கடற்பக்கம் இறங்க
ஒரு வளவின் கிணற்றடியில்
குப்புறக் கிடந்தது, மேலே சவர்க்காரம் போட்ட சாறன்.
"கடல் திரும்பிப் போகக்குள்ள விட்டுட்டுப் போனது"
என்றாள் கமலவேணி.
"எங்கட சாமான் ஒண்டும் இல்ல. இது மட்டும் கிடந்தது."
மறுகா, கையைத் துடைத்துக்கொண்டு,
"வேணுமெண்டாத் தூக்கிட்டுப் போங்க."
தூக்கவில்லை.
இலக்கம் இருக்கிற பக்கத்தைப் புரட்டியும் பார்க்கவில்லை.
தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.
போக முந்நூற்றுப் பத்து, வர முந்நூற்றுப் பத்து:
நிறுத்த மறந்த சில்லு
அதையும் எண்ணிவைத்திருந்தது.

நிந்தவூரில் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல்.
"மிதிச்சிராதீங்க தம்பி, கால் ஈரம் இன்னும் போகல்ல."
கடலும் தெரியாத, ஊரும் தெரியாத
ஒலுவில் வெட்டையில் ஒரு மாடு,
கோட்டின் மேலேயே படுத்து அசைபோட்டது.
கொடியைக் காட்டினான்.
மாடு கொடியைப் பார்த்தது.

மூன்றாம் நாள் மஃரிபுக்குக் கிட்ட
அக்கரைப்பற்றுச் சந்தியில் கூட்டிப் பார்த்தான்.
கூடித்தான் இருந்தது.
கழிக்கலாம்; ஓரத்தில் எல்லாம் கிடக்கிறது,
பந்தல், நெல், மாடு, கிணற்றடி.
பேனை மூடியைக் கழற்றினான், திரும்ப மூடினான்.
"பசிக்குது மச்சான். கொத்து திண்டுட்டுப் பாப்பம்."

திரும்பும்போது சில்லு
பிக்கப்பின் பின்தட்டில் மல்லாந்து கிடந்தது.
ஒலுவிலில் காற்று ஏற
தானாகச் சுற்றத் தொடங்கிற்று, பின்பக்கமாக.
இலக்கம் குறைந்துகொண்டே வந்தது.
கையை வைத்திருந்தால் நின்றிருக்கும்.
நிந்தவூரில் நெல்லைக் குவித்துப் படங்கால் மூடியிருந்தார்கள்.
காரைதீவில் எந்த ஒழுங்கை என்று
இருட்டில் பிடிபடவில்லை.
மருதமுனை முடிய, பலகைக்கு அந்தப் பக்கம்,
லைட் கம்பத்தின் கீழ் அதே நாய்.
எங்களைப் பார்த்துக் குரைத்தது.